தோடர் பாட்டும் நம் கதைகளும்

ஒரு ஜனக்கூட்டத்தைப் பற்றி எழுதுகிறவர் எத்தனை தகவல் திரட்டினார் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்களுடைய பேச்சு அவர் காதில் விழுந்ததா என்றுதான் பார்க்கிறேன். கதைக்கு உரிய இந்த உரைகல் ஆராய்ச்சிப் புஸ்தகத்துக்கும் பொருந்தும். நீலகிரித் தோடர்களைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த இரண்டு புஸ்தகங்களை அடுத்தடுத்துப் படித்தால் இது விளங்கும். ஒன்று ரிவர்ஸ் 1906ல் வெளியிட்ட 'தோடர்கள்'. மற்றது எமனோ 1971ல் வெளியிட்ட 'தோடர் பாட்டுகள்'.

அச்சன்புதூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைதான் வடக்கே போய், பாலக்காட்டுக் கணவாயில் சற்று இறங்கி, மறுபடி நீலகிரியாக எழும்புகிறது. இந்தப் பக்கத்தில் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துகிறவர்களை நாம் அறிவோம். கரிசல் காட்டுக் கிடையை வைத்துக் கி. ராஜநாராயணன் எழுதிய 'கிடை'யைப் படித்தவர்களுக்கு, மேய்ச்சல்காரனின் உலகம் எவ்வளவு நுணுக்கமான சொற்களால் ஆனது என்பதும் தெரியும். நமக்கு ஆடு என்றால் தோடர்களுக்கு எருமை. அவர்கள் வீடு, கோயில், கல்யாணம், சாவு எல்லாம் எருமையைச் சுற்றித்தான். பால் கடைகிற இடமே அவர்களுக்குக் கோயில், கடைகிறவனே பூசாரி. மிக உயர்ந்த பால்கோயிலின் பூசாரி, அந்தப் பதவியில் இருக்கும்வரை பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு விலகியிருக்க வேண்டியிருந்தது.

ரிவர்ஸ் ஒரு வைத்தியர். 1901-02ல் சில மாதங்கள் மலையில் தங்கினார். குடும்பம் குடும்பமாக வம்சாவளியைக் கேட்டு எழுதிக்கொண்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று கண்டுபிடிப்பது அவருடைய முறை. அதில் அவருக்கு இருந்த பொறுமையை மெச்சத்தான் வேண்டும். பல கணவருள்ள பெண் ஏழாம் மாதத்தில் இருக்கும்போது, ஒருவன் அவளுக்கு வில்லும் அம்பும் கொடுத்து, பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன் ஆகிறான். இதைக் கேலியும் இல்லாமல் அதிசயமும் படாமல், ஒரு பத்திரப் பதிவைச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறார். ஓன் என்ற தெய்வத்தின் கதையும் அந்தப் புஸ்தகத்தில் வருகிறது. செத்துப்போன மகனைப் பிரிந்திருக்க மாட்டாமல் தானும் செத்தவர்களின் நாட்டுக்குப் போய், அங்கேயே ஆளத் தங்கிவிட்ட தெய்வம் அது. இதைப் படித்த பிறகு மேலே உடனே படிக்க முடியவில்லை. பிள்ளை பிடிவாதத்துக்கு இணங்கிய தெய்வங்களை நாம் அறிவோம். பிள்ளைச் சோகம் பொறுக்காமல் உலகத்தையே விட்டுப் போன தெய்வம் எத்தனை?

ஆனால் ரிவர்ஸுக்கு அவர்கள் பாஷை தெரியாது; எல்லாம் துபாஷிகள் வழியாகத்தான். அதனால் பாட்டு அவர் புஸ்தகத்தில் ஓரமாக நிற்கிறது. பாட்டு மட்டுமல்ல, வம்சாவளி எழுதுவதில் அத்தனை சமர்த்தரான அவருக்குத் தாய்வழிக் குலமும் தட்டுப்படவில்லை. தோடர்களுக்குத் தகப்பன்வழிக் குலம் ஒன்று, தாய்வழிக் குலம் ஒன்று. எருமையும் பால்கோயிலும் தகப்பன்வழியில் வரும். யாரை யார் கல்யாணம் செய்யலாகாது என்பதற்கு இரண்டையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது குலத்தைப் பாஷை கற்ற எமனோதான் முப்பது வருஷத்துக்குப் பிறகு எடுத்துச் சொன்னார்.

இந்த இரட்டைக் குலம் உலகத்தில் அபூர்வம். ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், இன்றைய நமீபியாவில், மாடு மேய்த்து வாழும் ஹெரேரோக்களிடமும் அது உண்டு. அவர்களுக்குத் தகப்பன்வழியில் அணையாத புனித நெருப்பும் புனித மாடுகளும், தாய்வழியில் மற்ற சொத்தும். மாட்டையும் ஊரையும் முன்னோரையும் பேர் சொல்லிப் புகழ்ந்து பாடுகிற பழக்கமும் அவர்களுக்கு இருக்கிறது. அந்த ஜனங்களை 1904ல் ஜெர்மானியப் படை பாலைவனத்துக்குள் துரத்தித் தாகத்தால் சாகவிட்டது. அது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசாங்கம் ஒப்புக்கொள்ள 2021 ஆயிற்று.

தோடர்களை யாரும் சுடவில்லை. 1822ல் கலெக்டர் சல்லிவன் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் அவர்களிடம் நிலம் வாங்கினார். பிறகு தேயிலை வந்தது, கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன, அணைகள் வந்தன. புல்வெளி சுருங்கியது. 1901ல் சுமார் 800 பேராக இருந்து, அழிந்துபோவார்கள் என்று அஞ்சப்பட்டவர்கள் 2011ல் சுமார் 2,000 பேர் ஆகிவிட்டார்கள். ஆகவே ஒன்றும் நஷ்டமில்லை என்று சொல்லிவிடலாமா? எமனோவின் புஸ்தகத்தைப் படித்தவர் சொல்ல மாட்டார்.

1935 முதல் 1938 வரை அவர் கேட்டு எழுதிய பாட்டுகள் அதில் இருக்கின்றன. தோடர்களில் பாட்டுக்கட்டத் தெரியாதவர் அபூர்வம் என்கிறார். கல்யாணம், சாவு, எருமை, எதுவானாலும் பாட்டு. அடியை ஒற்றையாக விடக்கூடாது; அதே அளவில், அதே நடையில் இன்னொரு அடி அதற்கு ஜோடியாக வர வேண்டும். மந்துக்கும் மலைக்கும் எருமைக்கும் பாட்டில் வழங்குகிற ஜோடிப் பெயர்கள் உண்டு. ஆளை நேராகச் சொல்லாமல் குறிப்பாகவே சொல்ல வேண்டும். இது நமக்கு அந்நியமா? ஒப்பாரி வைக்கிற நம் கிழவி ஒரு அடியைச் சொன்னதும் அதன் இரட்டையைச் சொல்கிறாள். அகப்பாட்டில் தலைவனுக்குப் பேர் கிடையாது.

இங்கேதான் நஷ்டம் தெரிகிறது. அந்தச் சொற்கள் அகராதியில் இருப்பவை அல்ல, புல்வெளியில் இருப்பவை. ஒரு மேட்டில் சீகை மரம் நட்டால் ஒரு பெயர் போகும். அதன் ஜோடியும் தனித்து நின்று அர்த்தம் இழக்கும். எருமை குறையக் குறையப் பாட்டில் உவமை குறையும். ஆள் தொகை கூடியிருக்கும்போதே பாட்டு வற்றிப்போகலாம்.

எமனோவிடமும் ஒரு குறை உண்டு. ஆயிரம் பக்க அளவுள்ள அந்தப் புஸ்தகம், பாட்டை ஒலிக்குறியாகவும் பொருளாகவும் குறிப்பாகவும் பிரித்து வைக்கிறது. சேமித்துக் காத்தார், அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சாதாரண வாசகன் அதில் நாலு பாட்டைச் சேர்ந்தாற்போல் ரசிக்க முடியாது. இங்கிலீஷில் அது அசலாக நிற்பதும் கடினம். தோடர் பாஷை நம் பாஷையின் உறவு. ஜோடி அடியும் குறிப்பு மொழியும் தமிழ்க் காதுக்குப் பழக்கம். அந்த வேலைக்கு நாம்தான் பொருத்தமானவர்கள்.

நாம் என்ன செய்கிறோம்? கதாநாயகனும் நாயகியும் ஊட்டிக்குப் போனால், பூவேலைச் சால்வை போர்த்திய ஒரு தோடர் கிழவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு நகர்கிறோம். ராஜம் கிருஷ்ணன் 1963ல் வெளிவந்த 'குறிஞ்சித் தே'னில் படகர் வாழ்க்கைக்குள் புகுந்து எழுதிக்காட்டினார். அதே மலையில் பக்கத்து வீட்டுக்காரர்களான தோடர்களுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும். அதற்கு முதல் காரியம் நாவல் அல்ல. பாஷை அறிந்த ஒருவர், பாடத் தெரிந்த தோடர்களோடு உட்கார்ந்து, ஒரு நூறு பாட்டையாவது தமிழாக்கித் தருவது. கதை எழுதுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுக்கட்டும். பாடுகிறவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.