குறையுள்ள உதிரியை யார் தேடிப் போவது?

விமானத் துறையில் 'ஏர்வொர்தினஸ் டைரக்டிவ்' என்று ஒன்று உண்டு. சுருக்கமாக ஏ.டி. ஒரு மாடலில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால் அரசு போடும் உத்தரவு இது. எந்த விமானம், எந்தப் பாகம், என்ன செய்யணும், எத்தனை மணி நேரப் பறப்புக்குள் செய்யணும் என்று அதில் இருக்கும். செய்யாமல் பறந்தால் சட்ட மீறல். கொஞ்ச நாளாக இவற்றைப் பொழுதுபோக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நடை என்று ஒன்றும் கிடையாது, நம்ம ஆபீசில் வரும் ரிலீஸ் நோட் மாதிரிதான் இருக்கும். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. குறையுள்ள பாகத்தைக் கழற்றி மாற்றுவது சின்ன வேலை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், மாற்றியே ஆகணும் என்று யாராவது கட்டாயப்படுத்துவதும்தான் பெரிய வேலை.

இந்தப் பதிவில் விமான இறக்கை பற்றி இரண்டு கதைகள் இருக்கின்றன. அதன் பிறகு நம்ம நாமக்கல் லாரிக்கு வருவோம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

ஒரு சின்ன ஜெட்டின் இறக்கை நுனி

செஸ்னா சைட்டேஷன் 525 வரிசை ஒரு சின்ன பிசினஸ் ஜெட். ஒரே பைலட் ஓட்டிவிடலாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருக்கும் டாமராக் ஏரோஸ்பேஸ் என்ற நிறுவனம், இந்த விமானங்களின் இறக்கையை நீட்டி, நுனியில் நிமிர்ந்த விங்லெட் பொருத்தித் தருகிறது. இறக்கை நீண்டால் எரிபொருள் மிச்சம். ஆனால் காற்று குலுக்கும்போது இறக்கையின் மேல் விழும் சுமையும் கூடும். வழக்கமாக அதற்காக இறக்கையின் உள்கட்டமைப்பைப் பலப்படுத்துவார்கள், எடை ஏறும்.

டாமராக் வேறு வழியில் போனது. நீட்டிய பகுதியில் பக்கத்துக்கு ஒரு சின்ன அசையும் தகடு. குலுக்கல் வந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டு தகடுகளையும் ஒரே நேரத்தில் திருப்பி, சுமையைக் குறைத்துவிடும். இதற்கு அட்லஸ் என்று பெயர். பைலட் கையில் இருக்கும் கட்டுப்பாட்டோடு இதற்கு இணைப்பு கிடையாது, அதுவே பார்த்துக்கொள்ளும். எடைக்குப் பதில் எலக்ட்ரானிக்ஸ். ஒரு இன்ஜினியராக எனக்குப் பிடித்த டிசைன் இது. ஆனால் இரண்டு தகடும் சேர்ந்து அசைந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் விமானம் அந்தப் பக்கமாக உருளும்.

2018 நவம்பர் 30 அன்று இண்டியானா மாநிலத்தில் மெம்ஃபிஸ் என்ற சிற்றூர் அருகே, அட்லஸ் பொருத்திய ஒரு சைட்டேஷன் கிளம்பிய சில நிமிடங்களில் இடப்பக்கமாக உருண்டு விழுந்தது. இருந்த 3 பேரும் இறந்தார்கள். 2019 ஏப்ரல் 13 அன்று இங்கிலாந்தில் போர்ன்மத் அருகே இன்னொரு விமானம் அதே மாதிரி இடப்பக்கம் உருண்டது. இந்த முறை பைலட் சமாளித்துத் தரையிறக்கிவிட்டார்.

அடுத்த ஆறாம் நாள், ஏப்ரல் 19 அன்று, ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அவசர உத்தரவு போட்டது. அட்லஸை அணைத்துவிடு, தகடுகளை அசையாதபடி கட்டிப்போடு, அப்புறம் கட்டுப்பாடுகளோடு பற என்றது. அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ மே 24 அன்று இன்னும் கடுமையாகச் சொன்னது: ஏற்கத்தக்க திருத்தம் வரும் வரை பறக்கவே கூடாது. உலகம் முழுக்க இப்படி மாற்றப்பட்டிருந்தவை சுமார் 90 விமானங்கள். ஜூன் மாதம் டாமராக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஜூலையில் திருத்தங்கள் ஏற்கப்பட்டு விமானங்கள் திரும்பப் பறந்தன.

திருத்தம் என்ன? கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு மாற்றம். கூடவே தகட்டின் பின் ஓரத்தில் ஒட்டும் சிறு பட்டைகள். பெட்டி செத்துப்போனாலும், ஓடும் காற்றே தகட்டை நடுநிலைக்குத் தள்ளிவிடும். நல்ல யோசனை, மலிவும்கூட. இண்டியானா விபத்தை விசாரித்த என்.டி.எஸ்.பி 2021இல் தன் முடிவைச் சொன்னது: இடது இறக்கையின் அமைப்பு மட்டும் இயங்கியதே காரணம், அது ஏன் அப்படி இயங்கியது என்பது தெரியவில்லை. நிறுவனம் இதை ஏற்கவில்லை.

இதில் குறை சொல்ல இடம் இருக்கிறது. ஐரோப்பிய உத்தரவுக்கும் அமெரிக்க உத்தரவுக்கும் நடுவே 35 நாள். ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் "கட்டிப்போட்டுப் பற" என்கிறார், இன்னொருவர் ஐந்து வாரம் கழித்து "பறக்கவே பறக்காதே" என்கிறார். இரண்டாமவர் சொன்னது சரி என்றால் அந்த ஐந்து வாரம் பறந்தவர்களுக்கு என்ன பதில்? முதலாமவர் சொன்னது சரி என்றால் ஒரு சின்ன கம்பெனியை இவ்வளவு நெருக்கியது ஏன்?

ஆனால் பாராட்ட வேண்டியதும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு விபத்து, சில கோளாறுச் சம்பவங்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. எத்தனை ஓனர் புகார் கொடுத்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் என்பது வெறும் பரிந்துரை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு விமானம் வைத்திருப்பவர் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பறக்கலாம், சட்டம் கேட்காது. அதுவே ஏ.டி ஆகிவிட்டால் ஓரம் வைக்க முடியாது.

148 பாகம், 312 விமானம்

அந்தக் கதையில் விமானங்கள் எவை என்பது தெரிந்திருந்தது. பெயர் சொல்லி 90 விமானத்தையும் நிறுத்த முடிந்தது. அது தெரியாவிட்டால் என்ன ஆகும்?

2019 ஜூன் 2. போயிங் 737 விமானங்களின் இறக்கையில் பிரச்சினை என்று எஃப்.ஏ.ஏ அறிவித்தது. 737 பயணிகள் விமானம்தான், ஆனால் இதையே பெரும் பணக்காரர்களுக்கும் அரசுகளுக்கும் பி.பி.ஜே என்ற பெயரில் பிசினஸ் ஜெட்டாகவும் விற்கிறார்கள். இறக்கையின் முன் ஓரத்தில், ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னால் நீண்டு வரும் பகுதிக்கு ஸ்லாட் என்று பெயர். அது ஓடும் தண்டவாளம் ஸ்லாட் டிராக். ஒரு தொகுதி டிராக்குகள் சரியாகத் தயாரிக்கப்படவில்லை.

குறை முலாம் பூசும் கட்டத்தில். வலிமை அதிகமான உருக்குக்கு முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். அதைச் சூட்டடுப்பில் வைத்து வெளியேற்ற வேண்டும். வெளியேறாவிட்டால் உருக்கு வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே நொறுங்கத் தயாராக இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

எண்களைப் பாருங்கள். சந்தேகத்துக்குரிய பாகங்கள் அதிகபட்சம் 148. திறந்து பார்க்க வேண்டிய விமானங்கள் 312. பழைய என்.ஜி வகையில் 133, மேக்ஸ் வகையில் 179. அந்த 312இல், பாகம் அநேகமாக இங்கேதான் இருக்கும் என்று போயிங் சொல்ல முடிந்தது 41ஐ மட்டும்தான். மீதி 271ஐயும் "எதற்கும் பார்த்துவிடு" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

உலகத்திலேயே கண்டிப்பாகக் கணக்கு வைக்கும் தொழில் என்று நாம் நம்பும் இடத்தில் இதுதான் நிலைமை. பிறகு 2021 மே மாதம் போயிங் எஃப்.ஏ.ஏவுக்கு 1.7 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வழக்கில் வேறு ஒரு சென்சார் விவகாரமும் உண்டு. ஆனால் டிராக்குகள் பற்றிய பகுதியில் ஒரு வரி என்னை நிறுத்தியது: அவற்றின் மேல் தவறான குறியீடு இடப்பட்டிருந்தது. தவறான உலோகத்துக்கு அடுத்த குற்றம் தவறான குறி. எனக்கு இரண்டும் சம அளவு ஆபத்தாகத் தெரிகிறது. குறி சரியாக இருந்தால் கெட்ட பாகத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். குறி தப்பினால் நல்ல பாகத்தையும் நம்ப முடியாது.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகின வலி. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே ஓட்டை வெளியானபோது, திருத்திய பதிப்பு சில நாளில் வந்துவிட்டது. ஆனால் அந்த லைப்ரரி எந்தெந்த சர்வரில், எந்த அப்ளிகேஷனுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடத்தான் பல கம்பெனிகள் வாரக்கணக்கில் ராத்திரி பகலாக உட்கார்ந்தன.

நாமக்கல் லாரிக்கு யார் லெட்டர் போடுவது?

இந்தியாவில் பதிவான பிசினஸ் ஜெட்டுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. டிசைன் செய்த நாடு போடும் ஏ.டியை இங்கேயும் நிறைவேற்றியே ஆக வேண்டும், டி.ஜி.சி.ஏ அதைக் கேட்கும். விமானம் எத்தனை கை மாறியிருந்தாலும், எத்தனை வயதானாலும், உத்தரவு சீரியல் நம்பரைத் தேடி வரும். பழைய ஜெட் வாங்குபவர் முதலில் கேட்பதே, எந்தெந்த ஏ.டி முடிந்தது, எது பாக்கி என்ற பட்டியலைத்தான்.

இப்போது நாமக்கல்லுக்கு வாங்க. லாரியும் டேங்கரும் டிரெய்லரும் இந்த ஊரின் உயிர்நாடி. கேஸ் டேங்கர் ஓட்டும் ஒரு டிரைவர், பிசினஸ் ஜெட் பைலட்டைவிடக் குறைந்த ஆபத்தையா சுமந்துகொண்டு போகிறார்?

வண்டிகளைத் திரும்பப் பெறும் சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் வந்தன. எழுத்தில் மோசமில்லை. குறை ஒரு உதிரியில் இருந்தால், அந்த உதிரி இருக்கும் எல்லா வண்டிகளையும், மாடல் எதுவானாலும், திரும்பப் பெறச் சொல்லலாம் என்கிறது. இந்த வரியை எழுதியவருக்கு ஒரு சபாஷ். ஆனால் எனக்கு மூன்று ஆட்சேபங்கள்.

முதலாவது, புகார்க் கணக்கு. சோதனை நிறுவனமோ வேறு வழியோ தகவல் தரலாம் என்று சட்டம் சொன்னாலும், முதல் வாசலாக வைத்திருப்பது இத்தனை சதவீதம் ஓனர்கள் புகார் தர வேண்டும் என்பதைத்தான். ஒரு லாரி ஓனர் பட்டை ஒடிந்தால் போர்ட்டலில் புகார் எழுதுவாரா? பக்கத்துப் பட்டறையில் வேறு பட்டை போட்டுக்கொண்டு லோடு ஏற்றப் போவார். அவர் மேல் தப்பில்லை, வண்டி நின்றால் தவணை நிற்காது. சட்டத்துக்கு அந்த ஒடிந்த பட்டை நடக்கவே இல்லாத சம்பவம்.

இரண்டாவது, வயது. 7 வருடத்துக்குக் குறைந்த வண்டிகளுக்குத்தான் இந்த விதி. நாமக்கல்லில் 7 வருட லாரி என்பது நடுவயது. முதல் ஓனர் விற்று, இரண்டாவது கைக்குப் போய், அதிக லோடும் குறைந்த பராமரிப்புமாக ஓடுகிற காலம். குறை வெளியே தெரியும் வயதில்தான் சட்டம் கை கழுவுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பட்டறையில் மாட்டிய உதிரிக்குக் கணக்கு இல்லை. முன் அச்சின் மெயின் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது குலுக்கலை மட்டும் தாங்கவில்லை, அச்சை இடத்தில் பிடித்து வைப்பதும் அதுதான். ஒடிந்தால் அச்சு நகர்ந்து ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அந்தப் பட்டை எந்த உருக்குத் தொகுதியில் இருந்து வந்தது, எந்த வண்டியில் போய் உட்கார்ந்தது என்று பில்லில் இருக்காது. எஃப்.சிக்குப் போனால் பிரேக், லைட், ஹாரன், புகை, ஸ்டியரிங் எல்லாம் பார்ப்பார்கள். உதிரியின் தொகுதி எண்ணைக் கேட்கும் வரி, மத்திய மோட்டார் வாகன விதி 62இன் பழைய பட்டியலில் இல்லை. நாளைக்கே ஒரு தொகுதி பட்டை மோசம் என்று தெரிந்தாலும், "அந்த உதிரி இருக்கும் எல்லா வண்டிகளும்" என்ற சட்ட வரியை வைத்து எந்த வண்டியை நிறுத்துவீர்கள்?

லட்சக்கணக்கான லாரிகளுக்கு விமானம் மாதிரிக் கணக்கு வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். எல்லாவற்றுக்கும் முடியாது, தேவையும் இல்லை. ஸ்டியரிங், பிரேக், முன் பட்டை, இந்த மூன்றுக்கு மட்டும் போதும். தொகுதி எண் பாகத்தில் பொறித்திருக்கட்டும், பில்லில் வண்டி நம்பரோடு ஏறட்டும், எஃப்.சியில் ஒரு வரியாகக் கேட்கட்டும். இந்த டேட்டாபேஸை எழுதுவது பெரிய வித்தையே இல்லை. எழுதச் சொல்லும் உத்தரவுதான் இல்லை.

சேலத்துக்கு ஒரு வார்த்தை

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 மையங்களில் சேலமும் ஒன்று. நம்ம ஊர்ப் பட்டறைகள் விமான உதிரி செய்யப் போகின்றன என்று பேசும்போதெல்லாம் மைக்ரான் துல்லியம், ஐந்து அச்சு மெஷின் என்றுதான் பேச்சு போகிறது. கடைவதற்கு நம்மிடம் கை இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 737 டிராக்குகள் கெட்டது கடைசலில் இல்லை. சங்கிலியின் கோடியில் இருந்த ஒரு முலாம் வேலையில். சேலத்துக்குக் கிடைக்கப் போகும் ஆர்டர்களில் பலவும் அந்த அளவு வேலைகளாகத்தான் இருக்கும்.

ஆகவே மெஷின் வாங்கும் கடனுக்கு மானியம் கேட்கும்போது, தொகுதிக் கணக்கு எழுதும் ஆளுக்கும் பயிற்சி கேளுங்கள். சோதனையில் தோற்ற தொகுதியை மேலே உள்ளவருக்கு அன்றைக்கே சொன்னால் ஆர்டர் போகாது என்ற உறுதியையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். அந்தப் பழக்கத்தைக் கற்க ஜெட் விமானத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நாமக்கல் லாரியின் முன் பட்டையில் இருந்தே ஆரம்பிக்கலாம்.