அக்கம்பக்கத்தின் சாட்சியம்

பழனி மலையின் மேல்மலைக் கிராமங்களில் வலது அடிவயிற்று வலி என்றால் கூடவே தூரத்தையும் கணக்கிட வேண்டும். மன்னவனூரிலிருந்தோ கவுஞ்சியிலிருந்தோ கொடைக்கானலுக்கு வரவே நேரமாகும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கி, தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போக வேண்டும். குடல்வால் வீங்கியிருக்கிறதா, வெடித்தேவிட்டதா என்று புறப்படும் முன்பே தெரிந்தால் எவ்வளவோ நல்லது. அதைக் கண்டுசொல்லும் ஸ்கேன் மருத்துவரின் திறமையை உயர்ந்த கலை என்றே சொல்வேன்.

முதலில் அது கைப்பழக்கம். 1986-ல் நெதர்லாந்தின் கதிரியக்க மருத்துவர் யூலியன் பாய்லார்ட் எழுதிக்காட்டிய அல்ட்ராசவுண்ட் முறை இன்றும் அடிப்படை. ஜெல் தடவிய ப்ரோபை வலிக்கும் இடத்தில் வைத்து, நோயாளி தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக அழுத்த வேண்டும். குடலிலுள்ள வாயு விலகும், நல்ல குடல் அமுங்கும். அழற்சி கண்ட குடல்வால் மட்டும் அமுங்காமல் நிற்கும். ஒரு முனை மூடிய குழாய், 6 மில்லிமீட்டருக்கு மேல் பருமன், குறுக்கே பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கு வளையங்கள். இதைப் பிடிப்பதே தேர்ச்சிதான்.

வெடித்தபின்தான் கலை தொடங்குகிறது. உள்ளழுத்தம் இறங்கிக் குழாய் சுருங்கிவிடுவதால் சில நேரம் குடல்வாலே கண்ணில் படாது. வலியும் சற்று நேரம் தணியலாம்; நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றும். அப்போது ஆளில்லாத வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பதுபோல் சுற்றுப்புறத்தை விசாரிக்க வேண்டும். சுற்றியுள்ள கொழுப்பு வெளுத்துத் தடித்து, அழுத்தினாலும் நகராமல் கிடக்கும். துகள் மிதக்கும் கலங்கிய நீர் ஒரு மூலையில் தேங்கியிருக்கும். பக்கத்துக் குடல் அசைவு குன்றியிருக்கும். குடல்வால் கண்ணில் பட்டால், அதன் சுவருக்குள் ஓடும் வெள்ளைக் கோடு ஓரிடத்தில் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குழாய்க்கு வெளியே ஒரு மலக்கல் பளிச்சென்று, பின்னால் கறுப்பு நிழலோடு கிடந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. சி.டி. ஸ்கேனில் சுவரின் இடைவெளியும், வெளியே தப்பிய காற்றுக் குமிழும், சீழ்க்கட்டியின் விளிம்பும் இன்னும் தெளிவாகத் தெரியும்.

வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்புத் திரை வந்து சுற்றிக்கொண்டு சீழை ஓரிடத்தில் கட்டிப்போட்டிருக்கிறதா என்பதையும் நல்ல கண் சொல்லிவிடும். கட்டியாக நின்றால் ஊசிவழி சீழை எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, அறுவையைத் தள்ளிப்போட வழியுண்டு. பரவியிருந்தால் தாமதிக்க முடியாது. சிறு குழந்தைகளுக்கு அந்தத் திரை மெலிது என்பதால் சீழ் சீக்கிரம் பரவிவிடும்.

குடல்வால் தெரியவில்லை என்பதும் நோய் இல்லை என்பதும் ஒன்றல்ல. “குடல்வால் தெளிவாகத் தெரியவில்லை, சுற்றிலும் அழற்சியும் கலங்கிய நீரும் உள்ளன, வெடித்திருக்க வாய்ப்பு அதிகம்” என்று துணிந்து எழுதுபவரே இக்கலையில் தேர்ந்தவர். அந்த ஒரு வரியை நம்பித்தான் மலைமேலுள்ள மருத்துவர் ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசியை அங்கேயே போடுகிறார், 108-ஐ அழைக்கிறார், கீழேயுள்ள அறுவை அரங்கைத் தயாராக இருக்கச் சொல்கிறார்.