நொய்யல்: ‘கலக்கப்படுகின்றன’ என்று எழுதுவதில் என்ன சிக்கல்?

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ‘ஆற்று நீர் மாசுபாடு: காரணங்கள், விளைவுகள், கட்டுப்பாட்டு முறைகள்’ என்று பள்ளியில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். “எழுதிட்டேன் மாமா, தப்பு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்று நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள்.

தப்பு ஒன்றும் இல்லை. எழுத்துப்பிழைகூட இரண்டோ மூன்றோதான். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. அவள் இருப்பது திருப்பூரில். வீட்டிலிருந்து நொய்யல் பத்து நிமிட நடை. கட்டுரையில் கங்கை இரண்டு இடத்தில் வருகிறது, நொய்யல் ஓரிடத்தில்கூட இல்லை.

குறை பிள்ளையுடையது அல்ல, அவளுக்குக் கொடுத்த அச்சுடையது. இதே மூன்று தலைப்பு அச்சில்தான் நோட்ஸ் புத்தகங்களும், கருத்தரங்கக் கட்டுரைகளும், பல நாளிதழ் இணைப்புகளும் எழுதப்படுகின்றன. நானும் ஒரு காலத்தில் இப்படி எழுதிப் பரிசு வாங்கியவன்தான். அதனால் அந்த அச்சை நொய்யலின் மீது வைத்துப் பார்த்தேன். எங்கெல்லாம் பொருந்தாமல் போகிறது என்பதுதான் இந்தப் பதிவு.

காரணங்கள்

வழக்கமான பட்டியல் இது: தொழிற்சாலைக் கழிவு, வீட்டுச் சாக்கடை, பூச்சிமருந்து, ஆற்றில் துணி துவைப்பது, கால்நடைகளைக் குளிப்பாட்டுவது, பிளாஸ்டிக். எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. படிக்கிறவருக்கு மாடு குளிப்பாட்டுகிறவரும் சாயப்பட்டறை நடத்துகிறவரும் ஒரே வரிசையில் நிற்பதுபோலத் தோன்றும்.

நொய்யலின் கதை வேறு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற மழைக்கால ஆறு அது. மழை இல்லாத மாதங்களில் அதில் ஓடுவது பெரும்பாலும் ஊர்கள் விட்ட தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் இரண்டு வகை அழுக்கு இருக்கிறது. ஒன்று, கோவையும் வழியிலுள்ள ஊர்களும் விடும் சாக்கடை. இன்னொன்று, திருப்பூரின் சாயத் தண்ணீர். இரண்டும் ஒரே மாதிரியானவை அல்ல.

சாக்கடை பெரும்பாலும் மக்கக்கூடிய பொருள். காற்றும் நுண்ணுயிரும் நேரமும் கிடைத்தால் குறையும். சாயத் தண்ணீரில் உள்ள முக்கியமான பொருள் நாம் நினைப்பதுபோல் நிறம் அல்ல. உப்பு.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். பனியன் துணி பருத்தி. அதற்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. சாயமும் அப்படித்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை இழைக்குள் இறக்கத்தான் உப்பு. சாதா உப்போ கிளாபர் சால்ட்டோ, லிட்டருக்குக் கிராம் கணக்கில் கொட்டுவார்கள். வெளிர் நிறத்துக்கு 20, 30 கிராம் போதும். கறுப்பு, நேவி புளூ மாதிரி அடர் நிறத்துக்கு 80 கிராம் வரைகூடப் போகும். அதன்பிறகு சோடா ஆஷ் சேர்த்துச் சாயத்தைப் பிடிக்க வைப்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: சாயத்தில் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிடுகிறது. உப்பு தங்குவதே இல்லை. போட்டது அத்தனையும் வெளியே வந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 60 கிராம் உப்பு, ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 480 கிராம் உப்பு ஆகிறது. பழைய விஞ்ச் மெஷினில் கிலோவுக்கு 15 லிட்டர் பிடிக்கும் என்றால் அதுவே 900 கிராம். அதாவது துணியின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக உப்பு. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. லிட்டருக்கு 60 கிராம் என்றால் 60,000 மில்லிகிராம். அலசுகிற தண்ணீரோடு சேரும்போது செறிவு குறையும்தான். ஆனால் வெறும் தண்ணீர் ஊற்றியே அந்தச் சாயக்குளியலை விதிக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் ஏறக்குறைய 29 மடங்கு ஆக்க வேண்டும். அவ்வளவு தண்ணீர் நொய்யலில் எங்கே இருக்கிறது?

2017-ல் நொய்யலில் நுரை பொங்கியபோது, கோவை மக்கள் வீட்டில் பயன்படுத்தும் சோப்புதான் காரணம் என்றார் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் கருப்பணன். ஊரே சிரித்தது, மீம்ஸ் போட்டது. நான் அந்தச் சிரிப்பில் முழுதாகச் சேரவில்லை. சாக்கடையில் சோப்பு இருக்கிறது, அது நுரைக்கும், அதுவரை சரிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அமைச்சர் சொன்னது நம்முடைய பள்ளிக்கூடக் கட்டுரையின் ‘காரணங்கள்’ பகுதியைத்தான். பட்டியலில் யாருக்கும் வலிக்காத ஒரு வரியை எடுத்தார். அச்சு அதற்கு இடம் கொடுக்கிறது.

விளைவுகள்

இந்தப் பகுதியில் வழக்கமாக வருவது ‘மீன்கள் இறக்கின்றன, நோய்கள் பரவுகின்றன, இயற்கைச் சமநிலை பாதிக்கப்படுகிறது’. எந்த ஆற்றுக்கும் பொருந்தும் என்பதால் எந்த ஆற்றைப் பற்றியும் ஒன்றும் சொல்லாத வாக்கியங்கள்.

நொய்யலில் விளைவைப் பார்க்க ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கிறது. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்தார்கள். திருப்பூரின் ஏற்றுமதி வேகமெடுத்த காலமும் அதுதான். ஆற்றில் வந்த சாயத் தண்ணீர் அணையில் தேங்கியது. தேங்கிய தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் அது இறங்கியது.

சில வருடங்களுக்கு முன் அங்கே போயிருந்தேன். ஒரு பெரியவர் தன் கிணற்றைக் காட்டினார். “அணை கட்டறப்ப சந்தோசப்பட்டமுங்க. அப்பறம் தண்ணியத் தேக்காதீங்கன்னு நாங்களே மனுக் குடுத்தமுங்க” என்றார். பாசன விவசாயி பாசன அணையில் தண்ணீர் நிறுத்தாதே என்று கேட்கிற நிலைமை. “இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுங்க தம்பி” என்றும் சொன்னார். என் நோட்டில் எத்தனையோ குறிப்பு எழுதினேன். மறக்காமல் நிற்பது அந்தப் பருப்புதான்.

மண்ணுக்கு நடப்பதும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துக் கலைத்துவிடும். மண்ணின் துளைகள் அடைபடும். மேலே இறுகிப்போய், பெய்கிற நல்ல மழையும் உள்ளே இறங்காது. ஆற்றை நாளைக்கே சுத்தம் செய்தாலும் அந்த நிலம் நாளைக்கே திரும்பாது. ‘ஆறு தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும்’ என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அது மக்கும் அழுக்குக்குப் பொருந்தும். உப்பு மக்காது. இடம் மட்டும்தான் மாறும்.

கட்டுப்பாட்டு முறைகள்

அச்சு மிக மோசமாகத் தவறுவது இங்கேதான். ‘கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்ற வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். திருப்பூரில் 1990-களின் பிற்பகுதியிலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படிய வைத்தார்கள். நிறம் போனது. உப்பு அப்படியே இருந்தது. ரசாயனம் சேர்த்ததில் கரைந்த உப்பு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும், சேறும் மலையாகக் குவிந்தது. ஆக, ‘சுத்திகரிக்கப்பட்ட’ தண்ணீர்தான் ஒரத்துப்பாளையத்துக்குப் போனது. சொல் சரி, வேலை நடக்கவில்லை. கலங்கிய தண்ணீரைப் பார்த்தால் விவசாயி ஒதுங்கிக்கொள்வான். தெளிந்த உப்புத் தண்ணீரை எப்படிக் கண்டுபிடிப்பான்?

அடுத்து எல்லாக் கட்டுரையிலும் கடைசி வரியாக வருவது, ‘மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’. நொய்யலில் நிலைமையை மாற்றியது அது அல்ல. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வைத்து நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் தீர்ப்புச் சொன்னது. சாயப்பட்டறைக்காரர்கள் மேல்முறையீடு போனார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 2009-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் 1996-லேயே அது சொன்ன கொள்கைதான் இது. பிறகும் இழுத்தடிப்பு. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. விழிப்புணர்வு யாருக்கு இல்லை? பட்டறை நடத்தினவருக்கு உப்பைப் பற்றித் தெரியாதா? கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கினவரே அவர்தானே!

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பூட்டியதில் வேலை இழந்தவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். சுத்திகரிப்புச் செலவு சின்னப் பட்டறையின் கழுத்தைப் பிடித்தது. நிலையங்களை மேம்படுத்த மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டியிருந்தது. அடர் கறுப்பு டி-ஷர்ட் கேட்கிற வெளிநாட்டு வியாபாரியின் ஷேடு கார்டில் உப்பின் விலை எழுதியிருக்காது. ஆகவே ‘பட்டறைக்காரர் மட்டும் வில்லன்’ என்பதும் இன்னொரு சோம்பேறிக் கட்டுரைதான்.

சரி, இப்போதைய முறை முடிவா? ஆர்.ஓ. வைத்துத் தண்ணீரைப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். மிஞ்சுகிற அடர் உப்புநீரில் ஒரு பகுதியைத் திரும்பச் சாயக்குளியலுக்கே கொண்டுபோக முடிகிறது. இது உண்மையான முன்னேற்றம், மறுக்கவே கூடாது. மீதியை ஈவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும். கடைசியில் வருவது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. அதை மூட்டையாகக் கட்டி ஷெட்டில் அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. செலவைக் குறைக்க ராத்திரியில், மழை நேரத்தில் திறந்துவிடுகிறவர்கள் எப்போதும் உண்டு. உப்பு ஆற்றிலிருந்து ஷெட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. ஷெட்டிலிருந்து எங்கே போகும் என்ற கேள்வி பாக்கி.

ஆகவே என் விமர்சனம் இவ்வளவுதான். எந்தக் ‘கட்டுப்பாட்டு முறை’யைப் படித்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதை ஆற்றில் விட்டது யார்? எடுத்த பிறகு இது எங்கே போகும்? நமது மூன்று தலைப்பு அச்சு இந்த இரண்டையும் கேட்காமலேயே முழு மார்க் வாங்க வழி செய்கிறது. அதற்கு அது வைத்திருக்கும் பெரிய வசதி நம் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது: செயப்பாட்டுவினை. ‘கழிவுகள் கலக்கப்படுகின்றன’. யாரால்? அந்த இடத்தைக் காலியாக விடலாம், வாக்கியம் உடையாது.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “இப்படி எழுதினா மார்க் குறைப்பாங்க மாமா” என்றாள். அவள் சொன்னதும் சரிதான், மார்க் போடப்போவது நான் அல்லவே. “சரி கண்ணு, மத்ததை அப்படியே விடு. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் செய்வினையா மாத்திப் பாரு” என்றேன்.

ராத்திரி ஒரு போட்டோ வந்தது. ‘கழிவுகள் ஆற்றில் கலக்கப்படுகின்றன’ என்பதை அடித்துவிட்டு எழுதியிருந்தாள்: ‘எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகள் பல வருடங்கள் உப்புத் தண்ணீரை நொய்யலில் விட்டன.’ கீழே ஒரு மெசேஜ்: “எழுவாய் வந்துருச்சு மாமா. ஆனா அப்பா இதைப் பாத்தா திட்டுவாரு.”

அவள் அப்பா வேலை பார்ப்பது ஒரு சாயப்பட்டறையில். நான் பதில் போட ரொம்ப நேரம் ஆனது.