உறக்கமும் கஞ்சாவும்: ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழக மாணவரிடையே கஞ்சாப் பாவனை, உறக்கத்தின் தரம், மனச்சோர்வு ஆகிய மூன்றையும் இணைத்து நோக்கும் ஆய்வுகள் அண்மைக்காலத்தில் பல நாடுகளிலும் வெளிவந்துள்ளன. கஞ்சா உறக்கத்தைக் கெடுக்கின்றது. கெட்ட உறக்கம் மனத்தைச் சோர்வடையச் செய்கின்றது என்ற முடிவு அவற்றிலிருந்து இலகுவாகப் பெறப்படுகின்றது. இம்முடிவு முற்றிலும் பிழையானதன்று. ஆயின் அது பெறப்படும் வழியை வினவுதல் கலைப்பீட மாணவருக்கும் உரிய பணியேயாகும்.

முதலில் அளவுகோல்களை நோக்குவோம். உறக்கத்தை அளக்கப் பெரிதும் பயன்படுவது 1989இல் வெளிவந்த பிற்ஸ்பேர்க் சுட்டியாகும். 21 புள்ளிகளில் 5க்கு மேற்பட்டால் உறக்கம் தரங்குறைந்தது எனக் கொள்ளப்படும். மனச்சோர்வை அளக்க 2001இல் அறிமுகமான ஒன்பது வினாக்களைக் கொண்ட வினாக்கொத்து கையாளப்படுகின்றது. அதன் மூன்றாவது வினாவும் உறக்கம் பற்றியதே. உறக்கமின்மை இவ்வாறு இரு தட்டுகளிலும் நிறுக்கப்படுவதால், காணப்படும் தொடர்பில் ஒரு பகுதி அளவுகோல்களாலேயே விளைந்ததாகலாம்.

அடுத்தது, எது முந்தியது என்னும் வினா. ஒரே வேளையில் நிரப்பப்படும் வினாக்கொத்து இதற்கு விடை தராது. கஞ்சா தொடக்கத்தில் உறக்கத்தை விரைவில் வரவழைக்கக்கூடும். நாட்படப் பாவிக்க அப்பயன் தேய்கின்றது. நிறுத்தியதும் உறக்கமின்மையும் கலக்கமூட்டும் கனவுகளும் தோன்றுகின்றன. இந்நிலைக்கு ஆளானவர், இதுவின்றித் தம்மால் உறங்க இயலாது என நம்பி மீண்டும் அதனையே நாடுகிறார். மருந்தென எடுத்தது நோயாகும் வழி இதுவே. காலத்தால் தொடர்ந்து நோக்கிய 11 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கட்டுரை, 23,317 பேரின் தரவுகளைக் கொண்டு, பதின்ம வயதில் கஞ்சா பாவித்தோருக்குப் பின்னர் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு விகிதம் 1.37 எனக் கணித்தது. எனவே ஆபத்து மறுக்கத்தக்கதன்று. மறுக்கத்தக்கது அவசர விளக்கமே.

நெளுக்குளம் போன்றதோர் ஊரிலிருந்து நோக்குமிடத்து இக்குறை மேலும் துலங்கும். அயலிலுள்ள பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகின்றது. 2009இல் செட்டிகுளத்தின் மெனிக் பாம் கூடாரங்களில் ஐந்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று இருபதுகளில் உள்ளனர். அவர்களுட் பலரின் உறக்கம் கஞ்சாவை அறியுமுன்னரே குலைந்திருக்கக்கூடும். அதனைப் பதிய மேற்குறித்த இரு அளவுகோல்களிலும் இடமில்லை.

அன்றியும், 1929ஆம் ஆண்டின் அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச்சட்டத்தின்கீழ் கஞ்சா வைத்திருத்தல் இந்நாட்டிற் குற்றமாகும். பெயர் கேளாத படிவத்திலும் மாணவன் அஞ்சியே எழுதுவான். அச்சத்தால் நிரப்பப்பட்ட படிவத்திலிருந்து பெறும் எண்ணிக்கை உண்மையிலும் குறைந்ததாயிருத்தல் வியப்பன்று.

இவ்விமர்சனம் ஏட்டளவில் நிற்பதன்று. விடுதியிற் பிடிபடும் மாணவனைக் குற்றவாளியாக மட்டும் காண்பதா, உறங்க வழியறியாது தவிப்பவனாகவும் காண்பதா என்பது நாம் எந்த விளக்கத்தை ஏற்கிறோம் என்பதிலேயே தங்கியுள்ளது. உறக்கமின்மைக்கு மருந்தில்லாத அறிகை நடத்தைச் சிகிச்சை உண்டு. அதனை நாடி அவன் வரவேண்டுமாயின் அச்சம் நீங்கவேண்டும். “கஞ்சா பாவித்தீரா?” என்று கேட்குமுன், “இரவில் நித்திரை வருகிறதா?” என்று கேட்கும் ஒருவர் எமது வளாகங்களில் இருத்தல் வேண்டும். ஆய்வும் அவ்வினாவிலிருந்தே தொடங்குதல் தகும்.