எத்தனின் புகழ்

தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள் நாலு பேர் கூடினால் ஸ்பைடர் பேச்சு வராமல் போகாது. கூர்க்காதும் ஒட்டிய கன்னமுமாக ஹெலிகாரில் பறந்த அந்தக் கொள்ளைக்காரனுக்கு ஈடாகத் தமிழில் இன்னொருவன் வரவேயில்லை என்பது இப்போது ஊரறிந்த தீர்ப்பு. நரைத்த தலைகள் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. தழுதழுக்கட்டும். ஆனால் சட்டத்துக்கு வெளியே நின்ற நாயகர்களின் மரபு முழுவதையும் ஸ்பைடர் கணக்கில் எழுதிவைப்பது அநியாயம்.

முன்கதையை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். 1972 ஜனவரியில், முல்லை தங்கராசன் ஆசிரியராக இருக்க, சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யுடன் முத்து காமிக்ஸ் வந்தது. 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் பிறந்த இந்த மாயாவி முதல் கதையில் யோக்கியன் அல்ல. மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்ததும் திருடவும் மிரட்டவும் கிளம்பியவன். பிறகு அவனை உளவு வேலைக்கு அமர்த்தினார்கள், சம்பளக்காரன் ஆனான். அங்கே வந்த மற்ற நாயகர்களில் லாரன்ஸ், டேவிட், ஜானி நீரோ எல்லோரும் தொடக்கத்திலிருந்தே சட்டத்தின் ஆட்கள். ரிப் கெர்பி நல்ல மனிதர். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

1984இல் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ‘எத்தனுக்கு எத்தன்’ அங்கேதான் வந்தது. குற்ற உலகுக்கே சக்கரவர்த்தி ஆவேன் என்று சூளுரைத்து, பூட்டுடைக்கும் ராய் ஆர்டினியையும் கோணல்புத்தி விஞ்ஞானி பெல்ஹாமையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்ளும் ஸ்பைடர், உண்மையிலேயே புதுச் சரக்கு. பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பையும் எம். ஆர். ராதாவின் நக்கலையும் கைதட்டிக் கொண்டாடிய சனங்களுக்கு அந்த ஆணவம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. டெட் கவன் எழுதிய தொடக்கக் கதைகளில் கூட்டாளிகளே முதலாளியைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். ஸ்பைடரும் அவர்களை நம்புவதில்லை. ரெஜ் பன் வரைந்த முகத்தைப் பாருங்கள். நெருக்கி நெருக்கி இழுத்த மைக்கோடுகளில் கன்னம் குழிகிறது, கண்ணுக்குக் கீழே இருள் தேங்குகிறது. மலிவுத் தாளில் அதில் பாதி ஈஷிப்போயும் மிரட்டல் குறையவில்லை.

சித்தூர்–வேலூர் சாலையில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது எங்கள் குடிபாலா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்த இந்தப் பாக்கெட் புத்தகங்களை வைத்துத்தான் நான் தமிழ் எழுத்துக் கூட்டவே பழகினேன். அந்த நன்றி வேறு, தரம் வேறு.

ஏனென்றால் தொடர் சீக்கிரமே ஜெர்ரி சீகல் கைக்குப் போனது. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். உத்தமனை உண்டாக்கிய கை சும்மா இருக்குமா? திருடர்களை அடக்குவதுதான் இன்னும் பெரிய சவால் என்று ஸ்பைடர் கட்சி மாறுகிறான். செய்த கொள்ளைக்குக் கேள்வி கிடையாது, தண்டனை கிடையாது. வாரம் ஒரு பூதம், வாரம் ஒரு இயந்திரம், கடைசி நொடியில் தப்பிப்பு. வாரத்துக்கு இரண்டு பக்கமாகப் படித்தவர்களுக்கு அது விறுவிறுப்பாக இருந்திருக்கும். ஒரே மூச்சில் படித்தால் கொட்டாவி வருகிறது. நாம் ஏங்குவது முதல் சில கதைகளுக்கு, புகழ்வதோ மொத்தத்தையும்.

சட்டவிரோதியை இப்படிக் கழுவி எடுக்கத்தான் வேண்டுமா என்பதற்கு ஜப்பானில் பதில் இருக்கிறது. லெய்ஜி மாட்சுமோட்டோவின் விண்வெளிக் கொள்ளையன் கேப்டன் ஹார்லாக்கை 1978இல் ரின்டாரோ இயக்க, டோயி நிறுவனம் 42 பாகங்களில் தொலைக்காட்சித் தொடராக்கியது. பிரதமர் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கிறார், மக்கள் சொகுசில் சொக்கிக் கிடக்கிறார்கள். மண்டையோட்டுக் கொடி பறக்கும் ஆர்கேடியா கப்பலோடு பூமிக்காகச் சண்டை போடுகிறவனை அதே பூமியின் அரசாங்கம் வேட்டையாடுகிறது. நடுப்பாகங்கள் இழுவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஹார்லாக் யாரிடமும் மன்னிப்பை எதிர்பார்ப்பதில்லை. அந்தத் தொடரின் பெயர் நிலைத்ததில் நியாயம் இருக்கிறது.

நம்மிடம் அந்த இடத்துக்கு உரியவர் கேப்டன் டைகர். ஷார்லியே எழுதி ழான் ஜிரோ வரைந்த பிரெஞ்சுத் தொடரின் புளூபெர்ரி. உடைந்த மூக்கு, மழிக்காத தாடி, சீட்டாட்டத்தில் கைசுத்தம் கிடையாது. ‘மின்னும் மரணம்’ கதையில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன தென்மாநிலப் படையின் தங்கத்தைத் தேடப் போனவர்மீதே திருட்டுப் பட்டம் விழுகிறது. பதவி பறிபோகிறது, சிறையில் கிடந்து நைகிறார், கடைசியில் ஜனாதிபதி கிராண்டைக் கொல்ல முயன்றதாகவும் பழி. இங்கே எந்தக் காயமும் அடுத்த வாரத்துக்குள் ஆறிவிடுவதில்லை. ஜிரோவின் கோட்டில் அந்த முகத்துக்கு ஒவ்வொரு பாகத்திலும் வயது கூடுகிறது. பாலைவனத்தில் உதடு வெடித்து நடப்பவரைப் பார்த்தால் நமக்கே தாகமெடுக்கும். ஸ்பைடருக்கு ஒருநாளாவது தாகம் எடுத்ததுண்டா?

2015இல் இந்தக் கதைகள் வண்ணத்தில் ஒரே தடித்த தொகுப்பாக வந்தன. சின்னப் பிள்ளைகளுக்கான சமாச்சாரம் என்று காமிக்ஸை ஒதுக்கும் நம் இலக்கியப் பத்திரிகைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காமிக்ஸ் வாசகர் வட்டத்திலும் இன்னும் ஸ்பைடர் மறுபதிப்புக்குத்தான் கூச்சல். போடட்டும், முதல் இரண்டு கதைகளை, ரெஜ் பன்னின் கோடு ஈஷாத நல்ல தாளில், பெரிய அளவில். கட்சி மாறிய பிறகு வந்தவற்றுக்கு ஒதுக்கும் காகிதத்தில் டைகரின் பழைய சாகசங்களை வண்ணத்தில் கொண்டுவரலாம்.