தழும்பு கூறும் சாட்சியம்

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதன் வடகாலும் தென்காலும் நெல்லுக்கும் வாழைக்கும் நீரைப் பங்கிட்டுக்கொண்ட பின் எஞ்சுவதே புன்னக்காயலில் கடலைச் சேர்கிறது. மனிதர் இவ்வளவு நெருக்கமாகப் பயன்படுத்தும் ஓர் ஆற்றில், அவர்கள் வலை வீசும் அதே மீனை நம்பி வாழும் ஆற்று நீர்நாயின் க்ஷேமத்தை எப்படி அறிவது? அதைப் பிடிக்காமல், தூரத்தில் இருந்தபடியே அதன் தேகத்திலுள்ள காயங்களைக் கண்டு குறித்துவைப்பது ஆய்வாளர் கையாளும் ஒரு வழி. அவ்வழியின் குணதோஷங்களை நிதானமாக எடைபோடுவது அவசியம்.

முதற்குணம், அது பிராணிக்குத் தீங்கு செய்யாமை. மயக்க மருந்து செலுத்திப் பிடிப்பது, நீரில் மூழ்கி வாழும் ஜீவனுக்கு ஆபத்தானது. குடும்பமாய் வாழும் இனத்தில் ஒன்றைப் பிரிப்பது மற்றவற்றையும் கலங்கச் செய்யும். இரண்டாவது, அடையாளம். அமேசானின் பெருநீர்நாய்க்குத் தொண்டையிலுள்ள வெண்திட்டுகளே ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டுகின்றன. அத்தகைய தெளிவான குறியில்லாத நம் ஆற்று நீர்நாயை, கிழிந்த காதோ குறைந்த வாலோதான் இன்னதென்று காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, காரணத்தின் தடயம். கழுத்தைச் சுற்றி மெல்லிதாய் அறுத்த காயம் நைலான் நரம்பைச் சந்தேகிக்கச் செய்கிறது. முகத்திலும் வாலிலும் பதிந்த பற்குறிகள் பிற நீர்நாய்களோடு நேர்ந்த சண்டையை உணர்த்துகின்றன.

ஆயினும் இம்முறையின் பெருங்குறை அதன் அடிப்படையிலேயே உள்ளது. அடர்ந்த மயிர் புண்ணை மறைக்கும். நீந்துகையில் தலை மட்டுமே தெரியும். இவை சிறு இடர்கள். கடுங்காயம் பட்டது புதரிலோ வளையிலோ ஒதுங்கி மடிய, பிழைத்தது மாத்திரமே நம் கண்ணில் படுகிறது என்பதே பேரிடர். மூழ்கிய வலையில் சிக்கி மூச்சடைத்து இறக்கும் நீர்நாய் எந்தத் தழும்பையும் விட்டுச்செல்வதில்லை. எனவே வலை மிகுந்த ஆற்றில் காயமற்ற நீர்நாய்களையே கண்டு, அவ்விடம் பத்திரமானதென்று நாம் மயங்கக்கூடும். மாறாக, 1990-களின் இறுதியில் ஆற்று நீர்நாய்கள் திரும்பிவந்த சிங்கப்பூரில், அவை பெருகிக் குடும்பங்கள் எல்லைக்காக மோதிக்கொண்டபோது காயங்களும் மிகுந்தன. அங்கே தழும்பு, அழிவைக் காட்டிலும் பெருக்கத்துக்கே சாட்சியாயிற்று.

ஆகவே காயத்தைக் குறிப்பவர் காயமற்றவற்றையும் எண்ணிக் குறிக்க வேண்டும். உடலின் எப்பக்கம் தெரிந்தது, எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதையும் எழுத வேண்டும். கண்டதையும் அனுமானித்ததையும் கலக்காமல் வேறு வேறாக வைக்க வேண்டும். குட்டிகள் உள்ள வளையை அணுகலாகாது. இறந்து ஒதுங்கிய உடல்களைப் பற்றிய விவரமும், வலையில் சிக்கியவற்றைப் பற்றி மீன்பிடிப்போர் அச்சமின்றிக் கூறும் வாக்கும் இக்குறிப்புகளோடு சேர வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆற்று நீர்நாய் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள நிலையில், தண்டனைக்கு அஞ்சி அவர்கள் வாய்மூடினால், மிகப் பெரிய சேதமே நமக்குத் தெரியாமல் போய்விடும். தழும்பு பிழைத்த கதையைச் சொல்லும். பிழையாதவற்றின் கணக்கை அம்மீனவரிடம் மரியாதையோடு கேட்டறிவதே இம்முறையை முழுமையாக்கும்.