ஜால்ரா ஓசை கெடாமல் பதிய: ஸூம் எச்1என் ரெக்கார்டர்

வீட்டில் பதிந்த பாட்டில் எம்பி3 செய்யும் சேதத்தை ஜால்ராதான் முதலில் காட்டிக்கொடுக்கும். கணீரென்று தெறிக்க வேண்டிய ஓசை, தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் குழைந்து கேட்கும். அடுத்தது டோலக். அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே லேசாக ஒரு கரகரப்பு எட்டிப்பார்க்கும்.

வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. அங்கே ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் நடக்கும் பஜனையைப் பதிய ஸூம் எச்1என் ரெக்கார்டரை எடுத்துப்போனேன். ஹார்மோனியம், டோலக், ஜால்ரா, நாலைந்து குரல்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே செல்போனையும் வைத்தேன்.

செல்போனின் பதிவுச் செயலி பேச்சை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஒரே சீராக நீளும் ஒலியை அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. ஹார்மோனியத்தின் சுருதி மெல்ல அமுங்கிப்போனது. டோலக்கில் ஓங்கி அடித்தால் மொத்தப் பாட்டும் சட்டெனத் தாழ்ந்து மறுபடி எழும்பியது. பாடியவர்கள் அப்படிப் பாடவில்லை.

எச்1என் 2018-இல் வந்தது. உள்ளங்கையில் அடங்கும். 90 பாகையில் குறுக்கிட்ட இரண்டு மைக்குகள், இரண்டு ஏஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, அவ்வளவுதான். சுருக்காத வேவ் வடிவில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும் என்பது என் எண்ணம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிதான் ஆகும். ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு, உரத்த இடத்திலும் அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி திருகியை வைத்தேன். ஜால்ராக்காரரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னேன். பதிவில் ஒவ்வொரு குரலும் அதனதன் இடத்தில் நிற்கிறது.

அந்த வேவ் ஃபைலை 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி, ஹெட்ஃபோனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஜால்ரா குழைந்தது, டோலக்கின் முனை மழுங்கியது. இதன் காரணம் எம்பி3 வேலைசெய்யும் விதத்திலேயே இருக்கிறது. அது ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, காதுக்கு எட்டாது என்று கணிப்பதைக் கழிக்கிறது. அதில் எழும் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவுகிறது. துண்டின் கடைசியில் அடி விழுந்தால், அதற்கு முந்தைய அமைதியில் பிழை வெளியே தெரிகிறது. வாய்ப்பாட்டில் மறைந்துவிடும் இந்தக் குறை, தாளக் கருவியில் மறையாது. 320 கேபிபிஎஸ்ஸில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஒருமுறை கழிந்தது திரும்பாது. எம்பி3-ஐ வேவ் ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும். சந்தேகம் வந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் அறுத்ததுபோல் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் அந்தப் பதிவு ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஈக்வலைசரால் குறையை ஓரளவு அமுக்கலாம். ஜால்ராவை மீட்க முடியாது.

எச்1என்னிலும் எம்பி3 பதிவு இருக்கிறது; அதைத் தொடவே வேண்டாம். பிளாஸ்டிக் உடல் என்பதால் கையில் பிடித்தால் விரல் உரசும் ஒலி விழும். சிறு ஸ்டாண்டு வேண்டும். மலைக்காற்றுக்கு மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை கட்டாயம். ஒலி அளவை வைப்பது சிரமம் என்பவர்கள் 2024-இல் வந்த எச்1 எசென்ஷியலைப் பார்க்கலாம். அது 32 பிட் ஃப்ளோட்டில் பதிவதால், அளவு மீறியதையும் பிறகு பெரும்பாலும் இறக்கிச் சரிசெய்யலாம்.

வீட்டுப் பாட்டைப் பதிய எச்1என் போதுமானது, தாராளமாக வாங்கலாம். பாட்டி பாடும் தாலாட்டோ ஊர்ப் பஜனையோ, மூலத்தை வேவாகவோ, எதையும் கழிக்காமல் சுருக்கி ஏறக்குறைய பாதி இடமே பிடிக்கும் ஃப்ளாக்காகவோ இரண்டு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அல்ல, ஆவணமாக அனுப்புங்கள்.